ஆங்கில இலக்கிய ஆய்வு: நூலகத்தில் தேடல் சிக்கினால் எங்கே பார்ப்பது?

ஆங்கில இலக்கியத்தில் ஆய்வுக்குப் பதிவு செய்துவிட்டு, இரண்டு மாதத்திலேயே "நம்ம லைப்ரரியில் ஒன்றுமே இல்லை" என்று சோர்ந்து போகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் பொருள் இருக்கும், கேட்ட இடம்தான் தவறாக இருக்கும். நூலகத்தின் ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்காக, ஒரு குறிப்பிட்ட வேலைக்காகச் செய்யப்பட்டது. அது எதை வைத்திருக்கிறது, எப்படி உருவாக்கப்பட்டது என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

அதனால் இங்கே அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் திரையில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். உதாரணத்துக்கு மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன் நாவலையே முழுக்க வைத்துக்கொள்கிறேன். 1667-இன் மில்டன், 1793-இன் காட்வின், 1818, 1831 பதிப்புகள், 1985-இன் திறனாய்வு என்று அந்த ஒரு நாவலே நூலகத்தின் எல்லா மூலைக்கும் நம்மை இழுத்துப் போகும்.

"தேடினேன், பூஜ்யம் என்று வருகிறது"

முதலில் எந்தப் பெட்டியில் தேடினீர்கள் என்று பாருங்கள். நூலகத்தின் ஓபேக் என்னும் கேட்லாக், நூல்களின் பெயர், ஆசிரியர் போன்ற விவரங்களையும் ஜர்னல்களின் பெயரையும் மட்டும்தான் அறியும். ஒரு ஜர்னலுக்குள் இருக்கும் கட்டுரையின் தலைப்பை அங்கே போட்டால் எதுவும் வராது. அந்த ஜர்னலின் பெயரைப் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் டேட்டாபேஸுக்குப் போங்கள்.

இரண்டாவது, சினாப்சிஸ் எனப்படும் ஆய்வுத் திட்டச் சுருக்கத்தின் தலைப்பை அப்படியே ஒட்டித் தேடும் பழக்கம். பத்துப் பன்னிரண்டு சொற்கள் கொண்ட தலைப்பை ஒட்டினால், அத்தனை சொல்லும் ஒரே பதிவில் இருக்க வேண்டும் என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று சொல் போதும். நாவலின் பெயர் ஒன்று, கருத்து ஒன்று. கருத்துக்கு மாற்றுச் சொல் இருந்தால் இரண்டுக்கும் நடுவே "ஆர்" (OR) போட்டு அடைப்புக்குறிக்குள் வையுங்கள்.

மூன்றாவதுதான் அடிக்கடி நடப்பது: கால எல்லை. இபோ என்று சொல்லப்படும் ஏர்லி இங்கிலீஷ் புக்ஸ் ஆன்லைன், 1473 முதல் 1700 வரை அச்சான நூல்களுக்கானது. எக்கோ எனப்படும் எய்ட்டீன்த் செஞ்சுரி கலெக்‌ஷன்ஸ் ஆன்லைன் பதினெட்டாம் நூற்றாண்டோடு நின்றுவிடும். ஃபிராங்கன்ஸ்டைன் வெளிவந்தது 1818 ஜனவரியில். இரண்டிலும் அது இருக்காது, இருக்கவும் முடியாது. ஆனால் அதன் முகப்பில் மேற்கோளாக நிற்கும், கவிஞர் மில்டனின் பாரடைஸ் லாஸ்ட் காவிய வரிகளை இபோவில் பார்க்கலாம். மேரியின் தந்தை வில்லியம் காட்வின் 1793-இல் வெளியிட்ட அரசியல் நீதி பற்றிய நூலும், தாய் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792-இல் பெண்ணுரிமை பற்றி எழுதிய நூலும் எக்கோவில் தேட வேண்டியவை.

தாய்க்கும் மகளுக்கும் ஒரே முதல் பெயர் என்பதால் கேட்லாக்கிலும் குழப்பம் வரும். மகளுடைய பெயர் பல இடங்களில் "ஷெல்லி, மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், 1797–1851" என்று பதிவாகியிருக்கும். ஆண்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

"ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது, எதை எடுப்பது?"

அநேகமாக நீங்கள் ஜேஸ்டோர் என்ற ஜர்னல் கட்டுரைத் தொகுப்பில் இருக்கிறீர்கள். ஜேஸ்டோர் கட்டுரையின் முழு உரைக்குள்ளும் தேடும். எங்கோ ஓர் அடிக்குறிப்பில் அந்த நாவலின் பெயர் ஒருமுறை வந்திருந்தாலும் பட்டியலில் சேர்த்துவிடும். மரபணு ஆராய்ச்சியைப் பற்றிய கட்டுரையும் வரும், சட்டக் கட்டுரையும் வரும்.

அங்கேயே சரிசெய்ய ஆட்வான்ஸ்ட் சர்ச்சுக்குள் போய், நாவலின் பெயரைத் தலைப்பில் மட்டும் தேடச் சொல்லுங்கள். துறை வடிகட்டியில் மொழி, இலக்கியம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும் என்றால் அவற்றை மேற்கோள் குறிக்குள் போட்டு, பின்னால் அலைக்குறியும் (~) 10 என்ற எண்ணும் சேருங்கள். பத்துச் சொல் இடைவெளிக்குள் இரண்டும் வரும் இடங்களை மட்டும் அது எடுத்துத் தரும்.

ஆனால் உண்மையான தீர்வு, வேறு கருவிக்கு மாறுவதுதான். மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷனின் இன்டர்நேஷனல் பிப்ளியோகிராஃபி என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஒவ்வொரு கட்டுரையும் எந்த எழுத்தாளரைப் பற்றியது, எந்தப் படைப்பைப் பற்றியது, எந்தக் காலம், என்ன கருப்பொருள் என்று மனிதர்கள் படித்துப் பார்த்துப் பொருள் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். அதில் "சப்ஜெக்ட்" என்ற இடத்தில் தேடினால், அந்த நாவலைப் பேசுவதையே நோக்கமாகக் கொண்ட கட்டுரைகள் வரும். விவரம் மட்டும் தரும் வடிவமும் உண்டு, முழுக் கட்டுரையோடு வரும் வடிவமும் உண்டு. உங்கள் நூலகத்தில் முதலாவதுதான் இருக்கிறது என்றால் ஏமாற்றம் வேண்டாம். விவரத்தைக் குறித்துக்கொண்டு, கட்டுரையை ஜேஸ்டோரிலோ புராஜெக்ட் மியூஸ் என்ற இன்னொரு கட்டுரைத் தொகுப்பிலோ எடுத்துக்கொள்ளலாம்.

"கைடு சொன்ன முக்கியமான கட்டுரை என் தேடலில் வரவே இல்லை"

இது மாணவர்களை மிகவும் கலங்கடிக்கும் சிக்கல். "இதைக்கூடப் பார்க்கவில்லையா?" என்று வைவாவில் கேட்டுவிடுவார்களே என்ற பயம் நியாயமானதுதான்.

திறனாய்வாளர் காயத்ரி ஸ்பிவாக் 1985-இல் கிரிட்டிக்கல் இன்க்வைரி இதழில் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்வோம். மூன்று பெண்களின் எழுத்தையும் ஏகாதிபத்தியம் மீதான விமர்சனத்தையும் சேர்த்துப் பேசும் தலைப்பு அது. அந்த மூன்றில் ஒன்று ஃபிராங்கன்ஸ்டைன், ஆனால் தலைப்பில் நாவலின் பெயரே கிடையாது. இப்போது முந்தைய சிக்கலுக்குச் சொன்ன தீர்வே, அதாவது தலைப்பில் மட்டும் தேடுவதே, இந்தக் கட்டுரையை மறைத்துவிடும். அதனால்தான் ஒரே ஒரு வழியில் தேடிவிட்டு முடித்துவிடக் கூடாது என்கிறேன். பொருள் தலைப்பில் தேடினால் இதுபோன்ற கட்டுரைகளைப் பிடித்துவிடலாம்.

அந்தப் பிப்ளியோகிராஃபிக்கு உங்கள் பல்கலைக்கழகம் சந்தா கட்டவில்லை என்றால், அடிக்குறிப்புகளைப் பின்தொடருங்கள். நாவலைப் பற்றிய அண்மைக் கட்டுரைகளில் நல்லவை என்று தோன்றும் மூன்றை எடுத்து, அவற்றின் மேற்கோள் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் திரும்பத் திரும்ப வரும் பெயர்களே நீங்கள் தவறவிடக் கூடாதவை. அப்புறம் கூகுள் ஸ்காலரில் அந்தப் பழைய கட்டுரையைத் தேடி, அதன் கீழே "சைட்டட் பை" என்று இருக்கும் இணைப்பை அழுத்துங்கள். அதை மேற்கோள் காட்டிப் பிற்பாடு வந்தவை எல்லாம் கிடைக்கும். அந்தப் பட்டியலுக்குள்ளேயே தேடும் வசதியும் அங்கே உண்டு.

"கட்டுரையைத் திறந்தால் பணம் கேட்கிறது"

பணம் கட்டாதீர்கள். முதலில் பின்வருபவற்றை இதே வரிசையில் பாருங்கள்.

நீங்கள் வளாகத்துக்குள் இருக்கிறீர்களா? பெரும்பாலான சந்தாக்கள் பல்கலைக்கழகத்தின் ஐபி முகவரியைப் பார்த்துத்தான் திறக்கும். கைபேசியின் சொந்த டேட்டாவில் இருந்தால், நூலகத்துக்குள் உட்கார்ந்திருந்தாலும் நீங்கள் வெளியாள்தான். வளாக வைஃபைக்கு மாறி, பக்கத்தை மறுபடி திறங்கள். வீட்டிலிருந்து என்றால் நூலகத்தின் ரிமோட் ஆக்ஸஸ் லாகின் வேண்டும். இந்தியாவில் பல பல்கலைக்கழகங்கள் நூலகங்களை இணைக்கும் மத்திய அமைப்பான இன்ஃப்ளிப்நெட்டின் இன்ஃபெட் என்ற லாகின் வசதி வழியாக இதைத் தருகின்றன. பதிப்பாளரின் தளத்தில் நேராக மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்கினால் சந்தா உங்களுக்கு வராது. "இன்ஸ்டிட்யூஷனல் லாகின்" என்ற இடத்தில் போய்ப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இணைப்பு சரி, இருந்தும் பணம் கேட்கிறது என்றால், அந்தப் பதிப்பாளருக்குச் சந்தா இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 ஜர்னல்கள் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டிருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் எல்லாம் அதில் அடக்கம். அதற்கு முன்னால் கதவு மூடியிருந்ததை நினைத்துக்கொண்டு இன்னும் முயன்றே பார்க்காமல் இருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே முயன்று பாருங்கள். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் இருப்பவர்கள் கல்லூரிகளுக்கான மின்வளத் திட்டமான என்-லிஸ்ட்டின் லாகின் இருக்கிறதா என்று கல்லூரி நூலகரிடம் கேட்க வேண்டும்.

அண்மைக் கட்டுரை மட்டும் ஜேஸ்டோரில் இல்லை என்றால் அது பிழையல்ல. பல ஜர்னல்களின் கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் அங்கே வராது. அந்த இதழ்களைப் பதிப்பாளரின் தளத்திலோ மியூஸிலோ பாருங்கள். எந்த நிறுவனமும் கைகொடுக்கவில்லை என்றாலும், ஜேஸ்டோரில் தனிநபர் கணக்கை இலவசமாகத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை திரையிலேயே படிக்கலாம். பதிவிறக்கம் மட்டும் கிடையாது.

கட்டுரை ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நான்கு வரி போதும். பலர் பிடிஎஃப் அனுப்பிவிடுவார்கள்.

"கட்டுரை என்று நினைத்துத் திறந்தால் இரண்டே பக்கம்"

அது நூல் மதிப்புரை. தலைப்பு நூலின் பெயராகவே இருப்பதால் ஏமாந்துவிடுகிறோம். பக்க எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தேடும்போதே "ரிவ்யூ" என்ற வகையை விலக்கிவிடுங்கள். மதிப்புரைதான் வேண்டும் என்றால் ஏபெல் என்ற பிப்ளியோகிராஃபி அதையும் பதிவு செய்கிறது.

"பழைய நூலுக்குள் ஒரு சொல்லைத் தேடுகிறேன், கண்ணுக்குத் தெரிகிறது, தேடலில் வரவில்லை"

இங்கே அச்சின் வரலாறு தெரிய வேண்டும். எக்கோவில் இருப்பவை அச்சுப் பக்கங்களின் படங்கள். அவற்றின் உரையை இயந்திரம் வாசித்து உருவாக்கியது. பதினெட்டாம் நூற்றாண்டு அச்சில் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் எஸ் எழுத்து நீளமாக, ஏறக்குறைய எஃப் போலவே இருக்கும். இயந்திரம் அதை எஃப் என்றே வாசித்துவிடும். காட்வினின் நூலில் "ஜஸ்டிஸ்" என்று தேடி வரவில்லையென்றால், நடுவில் எஸ்-க்குப் பதில் எஃப் போட்டு இன்னொரு முறை தேடுங்கள். தெளிவில்லாத தேடலுக்கான "ஃபஸி சர்ச்" வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள்.

இபோவில் வேறு மாதிரி. அங்கே ஒரு பகுதி நூல்களை மனிதர்களே தட்டச்சு செய்திருக்கிறார்கள். டெக்ஸ்ட் கிரியேஷன் பார்ட்னர்ஷிப் என்ற அந்தக் கூட்டு முயற்சியின் முதல் தொகுதி, ஏறத்தாழ 25,000 நூல்கள், 2015 ஜனவரி 1 அன்று எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டது. சந்தா இல்லாதவர்களுக்கு இது பெரிய கொடை. இந்த நூல்களுக்குள் தேடல் நம்பகமாக வேலை செய்யும். தட்டச்சு செய்யப்படாத நூல்களில் உள்ளே தேட முடியாது, பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டியதுதான். ஆகவே "இந்தச் சொல் அந்தக் காலத்தில் எத்தனை நூலில் வருகிறது" என்று எண்ணி ஆய்வேட்டில் எழுதுமுன், எத்தனை நூலுக்குள் இயந்திரம் பார்த்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்காலத்து எழுத்துக்கூட்டல் வேறு. யு வர வேண்டிய இடத்தில் வி, வி வர வேண்டிய இடத்தில் யு, கடைசியில் ஒரு கூடுதல் ஈ என்று இருக்கும். மாற்று எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்துத் தேடும் வசதி டேட்டாபேஸில் இருந்தால் அது இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நட்சத்திரக் குறியைச் சொல்லின் கடைசியில் போடுங்கள்.

"மேற்கோள் பொருந்தவில்லை"

ஆய்வேட்டையே ஆட்டிவிடக்கூடிய சிக்கல் இதுதான், எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நாவலின் நாயகன் விக்டர், அவன் மணக்கப்போகும் பெண் எலிசபெத். ஒரு திறனாய்வாளர் எலிசபெத்தை விக்டரின் அத்தை மகள் என்கிறார், அந்த உறவை வைத்து ஒரு வாதமே கட்டுகிறார். உங்கள் கையில் இருக்கும் நாவலிலோ அவள் இத்தாலியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்த அநாதைக் குழந்தை. யார் சொல்வது தவறு? யாரும் இல்லை. 1818 பதிப்பில் அவள் விக்டருடைய தந்தையின் தங்கை பெற்ற பெண். 1831 பதிப்புக்காக மேரி ஷெல்லி நாவலைத் திருத்தியபோது அவளை எடுத்து வளர்த்த பிள்ளையாக்கிவிட்டார். திறனாய்வாளர் ஒரு பதிப்பைப் படித்தார், நீங்கள் இன்னொன்றைப் படிக்கிறீர்கள்.

கையில் இருப்பது எது என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. அத்தியாய எண் மூன்று முறை ஒன்றிலிருந்து தொடங்கினால் அது மூன்று தொகுதியாக வந்த 1818-இன் உரை. ஒன்று முதல் இருபத்து நான்கு வரை தொடர்ச்சியாக ஓடினால் 1831. கதை எப்படித் தோன்றியது என்று ஆசிரியரே சொல்லும் முன்னுரை 1831-க்காக எழுதப்பட்டது. ஆனால் 1818 உரையைத் தரும் இன்றைய பதிப்புகளும் அதைப் பின்னிணைப்பாகச் சேர்ப்பதுண்டு, அதை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டு வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ் வரிசையிலேயே இரண்டும் வந்திருக்கின்றன: மேரிலின் பட்லர் பதிப்பித்தது 1818, எம். கே. ஜோசஃப் பதிப்பித்தது 1831. அட்டையைப் பார்த்து எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஜே. பால் ஹன்ட்டரின் நார்ட்டன் பதிப்பு 1818-ஐத் தருகிறது. இணையத்தில் கிடைக்கும் இலவச உரைகளிலும் இரண்டு வகையும் கலந்து கிடக்கின்றன.

என் கருத்து இது: எந்தப் பதிப்பை அடிப்படையாகக் கொள்கிறீர்கள், ஏன் என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள். பக்க எண்ணோடு தொகுதி எண்ணும் அத்தியாய எண்ணும் கொடுங்கள். படிக்கிறவர் கையில் வேறு அச்சு இருந்தாலும் வரியைக் கண்டுபிடித்துவிடுவார்.

அச்சுக்கும் முந்தைய நிலை வேண்டுமா? நாவலின் கையெழுத்து வரைவுகள் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. 2013-இல் தொடங்கிய ஷெல்லி-காட்வின் ஆர்க்கைவ் அவற்றைப் படமாகவும் எழுத்துப்படியாகவும் இலவசமாகத் தருகிறது. மேரியின் கணவர், கவிஞர் பெர்சி ஷெல்லியின் கை எங்கெங்கே பட்டிருக்கிறது என்பதை இரண்டாம் நபர் சொல்லிக் கேட்காமல் நீங்களே பார்க்கலாம். இருந்த இடத்திலிருந்தே அந்தத் தாள்களைப் பார்க்க முடிவது எவ்வளவு பெரிய வாய்ப்பு!

இதே நோய் மில்டனிலும் வரும். நாவலின் முகப்பு மேற்கோள் பாரடைஸ் லாஸ்ட் பத்தாம் காண்டத்தில் இருந்து வருவது. இபோவில் 1667 பதிப்பைத் திறந்து பத்தாம் காண்டத்தைப் பார்த்தால் அந்த வரிகள் இருக்காது. 1667-இல் அந்தக் காவியம் பத்துக் காண்டங்கள்தான். 1674-இல் ஏழாவதையும் பத்தாவதையும் இரண்டிரண்டாகப் பிரித்துப் பன்னிரண்டாக்கினார். எனவே இன்றைய பத்தாம் காண்டம் 1667-இல் ஒன்பதாவது. அங்கே போங்கள், கிடைக்கும்.

"அந்தக் காலத்து மதிப்புரைகள் ஒன்றுகூட வரவில்லை"

1818-இன் இதழ்களில் "மேரி ஷெல்லி" என்று தேடினால் வராது. நாவல் ஆசிரியர் பெயரில்லாமல்தான் வெளிவந்தது. 1823 பதிப்பில்தான் அவர் பெயர் ஏறியது. பிளாக்வுட்ஸ் இதழில் 1818 மார்ச்சில் மதிப்புரை எழுதிய நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்காட், நாவலை எழுதியவர் பெர்சி ஷெல்லி என்றே எண்ணியிருந்தார். எனவே நாவலின் பெயரை வைத்து, ஆண்டை 1818–1819 என்று குறுக்கித் தேடுங்கள். மதிப்புரைகளும் கையெழுத்தில்லாமல் வந்தவை. யார் எழுதியது என்று பார்க்க, பழைய இதழ்களின் கட்டுரையாளர் பட்டியலான வெல்லெஸ்லி இண்டெக்ஸைப் புரட்ட வேண்டாம், அது பெரும்பாலும் 1824-இல் இருந்துதான் தொடங்குகிறது. ரொமான்டிக் சர்க்கிள்ஸ் என்ற இலவசத் தளத்தில் குவார்ட்டர்லி ரிவ்யூ இதழுக்கான கட்டுரையாளர் விவரம் இருக்கிறது.

"ஹாதி டிரஸ்ட்டில் நூல் இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை"

ஹாதி டிரஸ்ட் என்பது பல நூலகங்களின் நூல்களைப் படமாக்கிச் சேர்த்து வைத்திருக்கும் மின்நூலகம். காப்புரிமை விதிகளால், அமெரிக்காவில் திறக்கும் சில நூல்கள் இந்தியாவிலிருந்து திறக்காது. அதே நூலின் வேறு பிரதி, வேறு ஆண்டு அச்சு திறந்திருக்கலாம், பட்டியலில் கீழே வரை பாருங்கள். "சர்ச் ஒன்லி" என்று வந்தாலும் விட்டுவிடாதீர்கள். உங்கள் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அது சொல்லிவிடும். அந்தப் பக்க எண்ணோடு அச்சுப் பிரதியைத் தேடினால் வேலை பாதியாகும்.

"கால் நம்பர் இருக்கிறது, அலமாரியில் நூல் இல்லை"

கால் நம்பர் என்பது நூல் அலமாரியில் எங்கே நிற்கிறது என்று காட்டும் எண். டியூயி என்ற வகைப்பாட்டு முறையில் ஆங்கிலப் புனைகதை 823, அதிலும் 1800–1837 காலம் 823.7. ஃபிராங்கன்ஸ்டைன் அங்கே இருக்கும். ஆனால் ஆங்கில நாவலைப் பொதுவாகப் பேசும் திறனாய்வு நூல்கள் 823.009-இல், கவிதை 821-இல், அமெரிக்க இலக்கியம் 810-இல். ஒரே தலைப்புக்கு மூன்று நான்கு இடம் நடக்க வேண்டியிருக்கும்.

எஸ். ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது உருவாக்கி 1933-இல் வெளியிட்ட கோலன் முறையைப் பின்பற்றும் நூலகம் என்றால் கணக்கே வேறு. அங்கே எழுத்தாளரின் பிறந்த ஆண்டு எண்ணுக்குள் இருக்கும். 1700-களுக்கு எல் எழுத்து. புனைகதைக்கு 3. எனவே 1797-இல் பிறந்த மேரி ஷெல்லி, ஆங்கில இலக்கியத்துக்கான ஓ111-க்குப் பின்னால் 3எல்97 என்று வருவார். அந்தக் காலத்து நாவலாசிரியர்கள் அலமாரியில் அவரவர் பிறந்த வரிசையில் நிற்பார்கள். இது புரிந்துவிட்டால் அந்த அடுக்குகளுக்கு இடையே நடப்பதே ஒரு பாடம்.

அங்கேயும் இல்லையென்றால் ரெஃபரன்ஸ் பகுதி, பைண்டிங்குக்குப் போன நூல்கள், துறை நூலகம், இந்த மூன்றையும் கேளுங்கள். திருப்பித் தந்து இன்னும் அடுக்காமல் இருக்கும் வண்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"என் தலைப்பை ஏற்கனவே யாரோ செய்துவிட்டார்கள்"

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் மின்தொகுப்பான சோத்கங்காவில் தேடும்போது இந்த அதிர்ச்சி வரும். பதற வேண்டாம். அந்த ஆய்வேட்டின் முன்னுரையையும் முடிவுரையையும் திறந்து, எந்தப் பதிப்பை, எந்தக் கேள்வியை எடுத்திருக்கிறார்கள் என்று படியுங்கள். தலைப்பு ஒன்றாக இருந்தாலும் கேள்வி பெரும்பாலும் வேறாக இருக்கும். அவர்களுடைய நூற்பட்டியல் உங்களுக்கு உதவும், ஆனால் அதிலிருந்து மேற்கோளை அப்படியே எடுக்காமல் மூலத்தைத் திறந்து சரிபார்த்து எடுங்கள். பதிவாகி இன்னும் முடியாத ஆய்வுகளின் சினாப்சிஸ் சோத்கங்கோத்ரியில் இருக்கும். தலைப்பை உறுதி செய்யும் முன் அதையும் பார்த்துவிடுவது நல்லது.

"நூலகரிடம் கேட்டேன், இல்லை என்றுவிட்டார்"

"ஃபிராங்கன்ஸ்டைன் பற்றி ஏதாவது இருக்கிறதா சார்?" என்று கேட்டால் அவரும் கேட்லாக்கில் ஒருமுறை தட்டிவிட்டு இல்லை என்பார். ஆசிரியர், கட்டுரைத் தலைப்பு, ஜர்னல், தொகுதி எண், இதழ் எண், ஆண்டு, பக்கம் எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எங்கெங்கே தேடிவிட்டீர்கள், என்ன செய்தி வந்தது என்பதையும் சொல்லுங்கள். முடிந்தால் திரையின் படத்தைக் காட்டுங்கள். சந்தா காலாவதியாகியிருந்தாலோ ஐபி பதிவு விட்டுப்போயிருந்தாலோ அதைப் பார்த்துத்தான் அவர் பதிப்பாளருக்கு எழுத முடியும். உங்கள் நூலகம் டெல்நெட் என்ற நூலகக் கூட்டமைப்பில் உறுப்பினரா என்று கேளுங்கள். உறுப்பினர் என்றால் வேறு நூலகத்திலிருந்து நூலையோ கட்டுரையின் நகலையோ வரவழைக்க விண்ணப்பிக்கலாம். அதற்குச் சில நாள் ஆகும், ஆகவே அத்தியாயம் ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் கேட்காமல் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.